இடைவேளைக் கூட்டத்தைத் தாங்குமா? கல்லூரி வளாகத்துக்கான வாட்டர் கூலர்கள்: ஒரு மதிப்பீடு

காலை 11 மணி இடைவேளை. கேன்டீனில் 20 ரூபாய் கொடுத்து ஒரு லிட்டர் பாட்டில் வாங்கும் மாணவரிடம், பத்தடி தள்ளி இலவசத் தண்ணீர் இருக்கிறதே என்று சொல்லிப் பயனில்லை. அங்கே இருப்பது இரண்டு குழாய், நிற்பது இருபது பேர். முன்னால் இருப்பவர் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருக்கிறார். குழாய்க்குக் கீழுள்ள தட்டில் சோற்றுப் பருக்கை மிதக்கிறது. வருகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, அடுத்த வகுப்புக்கு இன்னும் ஐந்து நிமிடம்தான். வரிசையும் சந்தேகமும் சேர்ந்துதான் அந்த 20 ரூபாயை வாங்க வைக்கின்றன.

அதனால் இங்கே எல்லா இயந்திரங்களையும் அந்தப் பதினைந்து நிமிட இடைவேளையில் நிறுத்தித்தான் எடை போட்டிருக்கிறோம். பெரும்பாலான கல்லூரிகள் வாங்கும் மூன்று அளவு ஸ்டீல் கூலர்கள், 20 லிட்டர் கேன் டிஸ்பென்சர், காசு போட்டால் தண்ணீர் தரும் ஏடிஎம் ஆகியவைதான் களத்தில் இருப்பவை.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு முடிவை இப்போதே சொல்லிவிடலாம். 600 பேர் படிக்கும் ஒரு கட்டடத்துக்கு 80/80 அளவில் (இந்த எண்களின் பொருள் அடுத்த பகுதியில்) இரண்டு கூலர் வாங்கி, தாழ்வாரத்தின் இரண்டு முனையிலும் வைக்கவும். ஒவ்வொன்றிலும் மூன்று குழாய் வேண்டும். மாடியில் சுத்திகரித்த நீருக்கென்று தனியாக 500 லிட்டர் ஸ்டீல் தொட்டி, கூலருக்குள் நீர் நுழையும் இடத்தில் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யுவி விளக்கு, ஐந்தாண்டு முழுப் பராமரிப்பு ஒப்பந்தம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கேன்டீனில் பாட்டில் விற்பனை குறையாது.

அந்த இரண்டு எண்கள்

வோல்டாஸ், புளூ ஸ்டார், உஷா என்று எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் கூலரின் அளவை 40/80, 80/80, 150/150 என்றுதான் குறிப்பிடுவார்கள். கோட்டுக்கு முன்னால் உள்ள எண், ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டரைக் குளிர்விக்கும் என்பது. பின்னால் உள்ளது உள்தொட்டியின் கொள்ளளவு. 40/80 வாங்கிவிட்டு ‘மணிக்கு 80 லிட்டர் ஜில் தண்ணீர்’ என்று கொள்முதல் குறிப்பில் எழுதுவது நம் ஊரில் சர்வசாதாரணம். அந்தக் கூலர் தருவது அதில் பாதிதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 600 பேரில் மூன்றில் ஒருவர் இடைவேளையில் தண்ணீர் பிடிக்க வருகிறார், ஒவ்வொருவரும் முக்கால் லிட்டர் பிடிக்கிறார் என்று வைத்துக்கொண்டால் 200 பேருக்கு 150 லிட்டர் வேண்டும். பதினைந்து நிமிடத்தில் 40/80 தரக்கூடியது தொட்டியில் உள்ள 80 லிட்டரும், கால் மணி நேரத்தில் குளிர்ந்து வரும் 10 லிட்டருமாக 90. 80/80 கூலருக்கு 100. 150/150 கூலருக்குச் சுமார் 187.

கவனித்துப் பாருங்கள், இடைவேளையில் 40/80க்கும் 80/80க்கும் வித்தியாசம் வெறும் 10 லிட்டர். அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு. 11.15க்கு இடைவேளை முடிந்து 12.45க்கு மணி அடித்தால் இடையில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் 80/80 தன் தொட்டி முழுவதையும் குளிர்வித்து முடித்து ஓய்ந்திருக்கும். 40/80 குளிர்வித்திருப்பது 60 லிட்டர்தான். மதியம் தண்ணீர் தேவை இடைவேளையைவிட அதிகம், வெயிலும் ஏறியிருக்கும். மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து நேராக நீர் வருகிற கட்டடத்தில் ஏப்ரல், மே மாதம் கூலருக்குள் நுழைவது கிட்டத்தட்ட வெந்நீர். அது உள்ளே இருக்கும் குளிர்ந்த நீரோடு கலந்துகொண்டே வருவதால், காகிதத்தில் இருக்கும் லிட்டர் முழுவதும் குளிர்ச்சியாகக் கிடைக்காது. 40/80 கூலர் 150 பேர் இருக்கும் நூலகத்துக்கோ நிர்வாக அலுவலகத்துக்கோ போதும். வகுப்பறைக் கட்டடத்துக்குப் போதாது.

அப்படியென்றால் ஒரே ஒரு 150/150 வாங்கிவிடலாமே என்று தோன்றும். கொள்ளளவு சரிதான். ஆனால் இரண்டு 80/80 சேர்ந்தால் 200 லிட்டர் கிடைக்கும், கூட்டம் இரண்டாகப் பிரியும், ஒன்று பழுதானால் மற்றது ஓடும். ஒற்றைக் கூலர் கம்ப்ரசர் போய் மூன்று வாரம் நின்றால், அந்த மூன்று வாரத்தில் மாணவர்களுக்குப் பாட்டில் வாங்கும் பழக்கம் ஊன்றிவிடும். பிறகு அதை மாற்ற ஒரு பருவம் முழுக்கத் தேவைப்படும். 150/150 கூலருக்குப் பொருத்தமான இடம் விடுதி உணவுக்கூடம். அங்கே கூட்டம் ஒரே இடத்தில்தான் கூடும்.

குழாய்: வாங்கும்போது யாரும் அளக்காத பாகம்

சாதாரணமான அழுத்துக் குழாயில் நிமிடத்துக்கு மூன்று, நான்கு லிட்டர் வரும். முக்கால் லிட்டர் பாட்டில் நிரம்ப 12 முதல் 15 விநாடி. மூடியைத் திறந்து, மூடி, விலகி, அடுத்தவர் வர இன்னும் ஐந்தாறு விநாடி. ஆக ஒருவருக்கு 20 விநாடி, ஒரு குழாயில் நிமிடத்துக்கு மூன்று பேர், கால் மணி நேரத்தில் 45 பேர். 200 பேருக்கு ஐந்து குழாய் வேண்டும். இரண்டு குழாய் உள்ள ஒரே கூலரை வைத்துவிட்டு ‘மாணவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று சுவரொட்டி ஒட்டுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தது உயரம். பல கூலர்கள் டம்ளரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. குழாய் முனைக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றேகால் சாண் இடைவெளி இருக்கும். மாணவர் கையில் இருக்கும் ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டிலோ 27 முதல் 30 செ.மீ. உயரம். நேராக நிற்காது. சாய்த்துப் பிடித்தால் பாதிக்கு மேல் நிரம்பாது, வாய் குழாயில் முட்டும், ஒருவர் எச்சில் அடுத்தவர் பாட்டிலுக்குப் போகும். இடைவெளி 35 செ.மீ. இருக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்ட கூலராக இருந்தால், குளிர்ந்த நீர் வெளிவரும் இணைப்பிலிருந்து ஒரு கிளை எடுத்து, பக்கவாட்டில் உயரமாக ஸ்டீல் வளைகுழாய் பொருத்தலாம். உள்ளூர் பிளம்பர் அரை நாளில் முடிக்கும் வேலை. அந்தக் கிளை ஒன்றரை அடிக்கு மேல் நீளக்கூடாது. நீண்டால் அதற்குள் தேங்கும் தண்ணீர் சூடாகிவிடும், முதலில் பிடிப்பவருக்கு அதுதான் கிடைக்கும்.

டிபன் பாக்ஸ் விஷயத்துக்கு வருவோம். ‘இங்கே பாத்திரம் கழுவாதீர்’ என்ற அறிவிப்பால் ஒன்றும் நடக்காது. வேறு குழாய் இல்லாவிட்டால் அங்கேதான் கழுவுவார்கள். கூலரிலிருந்து பத்தடிக்குள் சாதாரணத் தண்ணீரில் ஒரு கை கழுவும் தொட்டி வைத்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, கீழ்த்தட்டின் வடிகுழாய் ஒன்றரை அங்குல விட்டத்தில் இருக்க வேண்டும், அதன் வாயில் கழற்றிக் கழுவக்கூடிய சல்லடை வேண்டும். முக்கால் அங்குலக் குழாய் போட்டால் பத்துப் பருக்கைச் சோறும் ஒரு கறிவேப்பிலையும் போதும், அடைத்துக்கொள்ளும். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். குடிநீர்க் கூலருக்குக் கீழே அதை வளர்ப்பதைவிடப் பெரிய அலட்சியம் இல்லை.

ஆர்ஓ வேண்டுமா என்பதை டிடிஎஸ் மீட்டர் சொல்லட்டும்

விற்பனையாளர் யாரைக் கேட்டாலும், நீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பை நீக்கும் ஆர்ஓ வேண்டும் என்பார். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை (டிடிஎஸ்) காட்டும் மீட்டர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, ஆழ்துளைக் கிணறு, மாநகராட்சிக் குழாய், லாரித் தண்ணீர் மூன்றையும் தனித்தனியாக, கோடையிலும் மழைக்காலத்திலும் அளந்த பிறகு முடிவெடுங்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 சொல்லும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. 500க்குக் கீழே இருக்கும் நீருக்கு ஆர்ஓ தேவையில்லை என்பதையே 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் வலியுறுத்தியது. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வளாகத்தில் ஆர்ஓ போடுவது, நல்ல தண்ணீரில் பாதியைச் சாக்கடையில் விடுவதற்குச் சமம். அங்கே மணல் வடிகட்டி, கார்பன் வடிகட்டி, நுண்துளைச் சவ்வில் வடிகட்டும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், யுவி போதும். சென்னைக்கு அருகே நெம்மேலி நிலையத்தில் கடல்நீரை நன்னீராக்கி அனுப்பும் தண்ணீருக்கும் இதே பேச்சுதான். அது ஏற்கெனவே ஒருமுறை ஆர்ஓ சவ்வுக்குள் நுழைந்து வந்ததுதான்.

இதற்கு முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு இருக்கலாம். ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதிகபட்சம் 1.5. டிடிஎஸ் மீட்டர் ஃபுளோரைடைக் காட்டாது, யுவியும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷனும் அதை நீக்காது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வராத வளாகமாக இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் முழுப் பரிசோதனை செய்துவிட்டு ஆர்ஓ போடுவதுதான் சரி. நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலும் அப்படியே.

ஆர்ஓ வேண்டும் என்று ஆனபின் செய்யும் பெரிய தவறு, கூலருக்குப் பக்கத்திலேயே மணிக்கு 50 லிட்டர் சிறு ஆர்ஓவை மாட்டி நேராகக் கூலருக்குள் விடுவது. இடைவேளையில் காலியான 150 லிட்டர் நிரம்ப மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் மதியச் சாப்பாடே முடிந்துவிடும். ‘கூலர் சரியில்லை’ என்று வரும் புகார்களைத் தோண்டிப் பார்த்தால், கூலர் நன்றாக இருக்கும், உள்ளே தண்ணீர்தான் இருக்காது. மணிக்கு 250 லிட்டர் ஆர்ஓ ஆலை ஒன்று, 4040 அளவுச் (4 அங்குல விட்டம், 40 அங்குல நீளம்) சவ்வு ஒன்றோடு, கட்டடத்துக்குப் பொதுவாகப் போட்டுவிடுங்கள். இரவிலேயே மாடித் தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்ளலாம். மணல் வடிகட்டி, கார்பன், படிவு தடுக்கும் மருந்து, 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ், சவ்வு என்பது வரிசை. கார்ட்ரிட்ஜுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளில் வித்தியாசம் ஒரு ‘பார்’ (அழுத்த அலகு) அளவை நெருங்கினால் அதை மாற்றிவிட வேண்டும். படிவு தடுக்கும் மருந்து டப்பா காலியாகி ஒரு மாதம் யாரும் பார்க்கவில்லை என்றால், மூன்றாண்டு வரவேண்டிய சவ்வு ஓராண்டில் கல்லாகிவிடும். சுத்திகரித்த நீரின் டிடிஎஸ், உள்ளே போகும் நீரின் டிடிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சவ்வின் காலம் முடிகிறது என்று பொருள்.

சுவை பற்றியும் ஒரு வார்த்தை. டிடிஎஸ் 20, 30 என்று இறங்கிவிட்டால் தண்ணீர் சப்பென்று இருக்கும், ‘இது ஏதோ மாதிரி இருக்கு’ என்று பிள்ளைகள் பாட்டிலுக்கே போவார்கள். 80 முதல் 150க்குள் வைத்தால் நல்லது. கொஞ்சம் மூலநீரைக் கலக்கும் வால்வு இதற்குத்தான். அந்தக் கலப்பு யுவி விளக்குக்கு முன்னால் நடக்க வேண்டும். பின்னால் கலந்தால் சுத்திகரிக்காத நீரை நேராகக் குடிக்கக் கொடுப்பதாகிவிடும். ஃபுளோரைடு உள்ள ஊரில் கலக்கவே கூடாது, விலக்கியதை நாமே திரும்பச் சேர்ப்பதாகும்.

கழிவுநீர்க் கணக்கையும் முன்பே போடுங்கள். உள்ளே போவதில் பாதி நல்ல நீராகவும் பாதி கழிவாகவும் பிரிகிறது என்று வைத்தால், டிடிஎஸ் 1200 உள்ள நீர் உள்ளே போய் 100 ஆக வெளியே வந்தால், கழிவில் 2300 இருக்கும். கழிப்பறை ஃபிளஷ் தொட்டிக்கும் தரை துடைக்கவும் அது தாராளமாக ஆகும். தென்னை தாங்கும். பூச்செடிக்கு ஊற்றினால் இலை நுனி கருகும்.

கிருமி எங்கே நுழைகிறது

மாநகராட்சி நீரில் கொஞ்சம் குளோரின் இருக்கும், அதனால் தொட்டியில் ஒரு நாள் நின்றாலும் தாங்கும். கார்பன் வடிகட்டி அந்தக் குளோரினை எடுத்துவிடுகிறது. எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சவ்வு கெடும். ஆனால் அதன் பிறகு அந்தத் தண்ணீருக்குக் காவல் இல்லை. ஆலையிலிருந்து தூய்மையாகப் புறப்பட்டு, மாடித் தொட்டி, வெயிலில் கிடக்கும் பைப், கூலரின் உள்தொட்டி என்று கடந்து வருவதற்குள் சுவரெல்லாம் வழுவழுப்பான படலம் பிடித்துவிடும். கூலரின் மேல்மூடியைத் திறந்து உள்சுவரில் விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் அந்த இயந்திரம் எத்தனை லட்சத்துக்கு வாங்கியதாக இருந்தாலும் தேறவில்லை.

இதனால்தான் யுவியை ஆலைக்குப் பக்கத்தில் வைக்காமல், கூலருக்குள் நீர் நுழையும் இடத்தில் வைக்கச் சொல்கிறோம். அந்த விளக்கின் ஆயுள் 8,000 முதல் 9,000 மணி நேரம். நாள் முழுக்க எரிந்தால் ஒரு வருடம். அதன் பிறகும் நீலமாக எரிந்துகொண்டுதான் இருக்கும், கிருமியைக் கொல்லும் சக்திதான் குறைந்துபோயிருக்கும். எரிகிறதே என்று விட்டுவைப்பதுதான் எங்கும் நடக்கிற தவறு. பொருத்திய தேதியை விளக்கின் உறையில் மார்க்கரால் எழுதி, ஆண்டுக்கொருமுறை மாற்றிவிட வேண்டும். விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் உப்பு படிந்தால் ஒளி தண்ணீரைத் தொடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, சிட்ரிக் அமிலக் கரைசலில் துடைத்தால் கண்ணாடியாகிவிடும். விளக்கு அணைந்தால் தண்ணீரை நிறுத்தும் சோலினாய்டு வால்வோடு வரும் மாடலையே வாங்குங்கள். ஒரே சிக்கல், மின்சாரம் போனால் தண்ணீரும் நின்றுவிடும். எனவே அந்த யுவியின் இணைப்பை ஜெனரேட்டர் அல்லது யுபிஎஸ் லைனில் கொடுத்துவிட வேண்டும்.

தொட்டி கழுவும் முறை: ஆர்ஓ ஆலையிலிருந்து வரும் வால்வை மூடிவிடுங்கள், குளோரின் சவ்வுப் பக்கம் போகவே கூடாது. 500 லிட்டர் தொட்டிக்குப் புது பிளீச்சிங் பவுடர் 75 கிராம். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். சுண்ணாம்பு மண்டி உள்ளே போனால் குழாயை அடைக்கும். பிறகு கூலரின் ஒவ்வொரு குழாயையும் திறந்து, குளோரின் வாடை வருகிறவரை ஓடவிட்டு மூடவும். ஒரு மணி நேரம் கழித்து முழுவதையும் வடித்து, வாடை போகும்வரை அலசவும். இரவு முழுக்க ஊறவிட்டால் இன்னும் சுத்தமாகும் என்று நினைத்துச் செய்வார்கள், அது தவறு. துருப்பிடிக்காத 304 ரக ஸ்டீலிலேயே புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழும். மாதம் ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும். பருவ விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய நாள் இன்னொருமுறை. திங்கள்கிழமைதோறும் காலையில் கூலரில் இருக்கும் தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவது, இரண்டு நாள் தேங்கியதை யாருக்கும் கொடுக்காமல் இருக்க.

பரிசோதனைக்கு எச்2எஸ் குப்பி மலிவாகக் கிடைக்கிறது. குழாய் முனையைத் தீயில் காட்டி, சிறிது நேரம் ஓடவிட்டு, குறியீடு வரை நிரப்பி, அறை வெப்பத்தில் இரண்டு நாள் வைத்தால் போதும். கறுத்தால் கிருமி இருக்கிறது, அந்தக் கூலரை உடனே நிறுத்த வேண்டும். கறுக்கவில்லை என்பதால் ஆய்வகப் பரிசோதனை வேண்டாம் என்று ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதையும் செய்து, அறிக்கையின் நகலைக் கூலரின் முகத்திலேயே ஒட்டிவிடுங்கள். 100 மில்லியில் ஈ.கோலி (மலக்கலப்பைக் காட்டும் கிருமி) இல்லை என்ற ஒரு வரி, தேதியோடு கண்ணில் பட்டால் போதும், பல நூறு பாட்டில் குறையும். போன வருடத் தேதி போட்ட அறிக்கை ஒட்டியிருந்தால் அது எதிர்வேலை செய்யும்.

மின்சாரத்தில் சமரசம் கிடையாது

ஈரத் தரை, ஸ்டீல் உடம்பு, வெறுங்கால். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கூலருக்கென்று தனியாக இல்லாமல் எந்தக் கூலரையும் இயக்க அனுமதிக்கக் கூடாது. எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து அளந்து காட்ட வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அது இணைப்பைத் துண்டிக்காவிட்டால் அன்றே மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் தொட்டால் லேசாகச் ‘சுர்’ரென்கிறது என்று ஒரு மாணவர் சொன்னாலே மெயினை அணைத்துவிடுங்கள், அடுத்த பேச்சு பிறகு.

சுவருக்கும் கூலரின் பின்புறத்துக்கும் ஒரு சாண் இடைவெளி விடாமல் மாடத்துக்குள் திணித்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், தண்ணீர் குளிராது. மேற்கு வெயில் விழும் தாழ்வாரமும் அப்படியே. தெர்மோஸ்டாட்டை 12, 15 டிகிரியில் வைத்தால் போதுமானது.

செலவைக் கேட்பவர்களுக்கு: 35 டிகிரி நீரை 15க்குக் கொண்டுவர லிட்டருக்குச் சுமார் 0.012 யூனிட், ஆர்ஓ பம்புக்கு 0.003. யூனிட் 8 ரூபாய் என்றால் மொத்தம் 12 பைசா. நிற்கும்போது ஏறும் வெப்பம், வடிகட்டி, விளக்கு, ஆள்கூலி எல்லாம் சேர்த்தாலும் 20 ரூபாய்ப் பாட்டிலோடு ஒப்பிடவே வேண்டாம்.

கேனும் ஏடிஎம்மும்

20 லிட்டர் கேன் இருபது பேர் இருக்கும் ஆசிரியர் அறைக்குச் சரி. 600 பேருக்கு ஆளுக்கு 2 லிட்டர் என்றால் நாளுக்கு 60 கேன். கேன் 35 ரூபாய் என்று வைத்தாலும் 2,100 ரூபாய், 200 வேலை நாளில் 4,20,000. அதைத் தூக்கி மாட்டுகிறவரின் முதுகைப் பற்றி யாரும் கணக்குப் போடுவதில்லை. டிஸ்பென்சரின் உள்குழியை யாரும் கழுவுவதும் இல்லை. கேனை வெயிலில் அடுக்கியிருந்தால் பாசி பிடிக்கும், உள்ளே பச்சையாகத் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

காசு போடும் ஏடிஎம், வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் இடத்துக்கானது. நீலகிரியில் 2019இல் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை வந்தபோது சாலையோரம் வைத்தது அங்கே பொருந்தியது. கல்லூரிக்குள் ஒரு ரூபாய் கேட்டாலும் தயக்கம் வரும், சில்லறை சிக்கினால் இயந்திரம் நிற்கும். பரிந்துரைக்க மாட்டோம்.

டெண்டரில் எழுதவேண்டியது

அரசுக் கல்லூரியில் எல்1, அதாவது டெண்டரில் வந்த மிகக் குறைந்த விலைக்குத்தான் வாங்க முடியும் என்பதால், விவரக்குறிப்பில் எழுதாததைப் பிறகு கேட்க வழியில்லை. உள்தொட்டி 304 ரக ஸ்டீல், மூன்று குழாய், 35 செ.மீ. இடைவெளி, ஒன்றரை அங்குல வடிகால், கழற்றக்கூடிய மேல்மூடி இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மிக முக்கியமானது பராமரிப்பு. ஏஎம்சி என்றால் ஆள் வருவார், பாகத்துக்குப் பணம் தனி. சிஎம்சி என்றால் பாகமும் சேர்த்து. ஐந்தாண்டு சிஎம்சி விலையையும் கூட்டித்தான் எல்1 யார் என்று பார்க்க வேண்டும். அதில் சவ்வு, விளக்கு, கார்ட்ரிட்ஜ், கம்ப்ரசர் என்று பெயர் சொல்லிச் சேர்க்கவும். ‘நுகர்பொருட்கள் நீங்கலாக’ என்ற ஒரு சொல் நுழைந்தால் ஒப்பந்தமே வெறும் காகிதம். புகார் கொடுத்து 48 மணி நேரத்தில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு இவ்வளவு பிடித்தம் என்பதும் இருக்கட்டும்.

கூலர் தீர்க்காத இரண்டு விஷயம்

முதலாவது விழாக்கள். ஒரு கருத்தரங்கில் கால் லிட்டர் பாட்டில் நூற்றுக்கணக்கில் இறங்கும், பாதி குடித்தபடி நாற்காலிக்கு அடியில் கிடக்கும். 300 பேருக்கு ஆளுக்கு அரை லிட்டர் என்றால் 150 லிட்டர், எட்டு கேன். கூலர் தண்ணீரையே கேனில் பிடித்துக்கொள்ளலாம். ஸ்டீல் டம்ளர் 350, சமையல் பாத்திர வாடகைக் கடையில் கிடைக்கும். கழுவ இரண்டு ஆளும் அவர்களுக்குக் கூலியும் விழாச் செலவிலேயே சேரட்டும். மேடைக்கு, டம்ளர் கவிழ்த்த செம்பு ஒன்று ஒவ்வொருவர் முன்னும். அதைவிட மரியாதையான உபசரிப்பு நம் வழக்கத்தில் வேறில்லை.

இரண்டாவது, பாட்டிலுக்குத் தடை போடுவது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்த பொருட்களில் தண்ணீர் பாக்கெட் உண்டு, கடையில் விற்கும் பெட் பிளாஸ்டிக் பாட்டில் இல்லை. எனவே வளாகம் தானே முடிவெடுக்க வேண்டும். அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகம் 2013 ஜனவரியில் தண்ணீர் பாட்டில் விற்பனையை நிறுத்தியது. நிரப்பும் குழாய்களும் வைத்திருந்தது. 2015இல் வெளியான ஆய்வு, அங்கே ஆளுக்கு வந்து சேர்ந்த மொத்தப் பாட்டில்கள் கூடியதாகவும், சர்க்கரை பானம் குடிப்பது அதிகரித்ததாகவும் காட்டியது. தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் எடுத்தால் அந்த அலமாரியில் கோலா உட்காரும். கேன்டீனில் மோர், எலுமிச்சைச் சாறு, நன்னாரி ஆகியவற்றை டம்ளரில் ஊற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, குளிர்பானப் பாட்டிலையும் சேர்த்தே குறைக்க வேண்டும்.

கூலர் வேலை செய்கிறதா என்பதை இரண்டு எண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு கூலருக்கும் நீர் நுழையும் குழாயில் அரை அங்குல வாட்டர் மீட்டர் ஒன்று மாட்டி, மாதம் எத்தனை லிட்டர் ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். துப்புரவுப் பணியாளர்கள் பழைய பொருள் கடைக்குப் போடும் பாட்டில்களின் எடைச் சீட்டையும் அதே நோட்டில் ஒட்டுங்கள், அந்தப் பணம் அவர்களுக்கே போகட்டும். மீட்டர் ஏறியும் எடை குறையவில்லை என்றால் கேன்டீன் குளிர்பான பில்லைப் பாருங்கள். மீட்டரே ஏறவில்லை என்றால் கூலரின் மேல்மூடியைத் திறந்து விரலால் தடவிப் பாருங்கள்.